காயமும் கணக்கும்: போர்க்காலத் தோட்ட மக்களின் மீட்சி வரலாறு

கோலசிலாங்கூர் என்றவுடன் கம்போங் குவாந்தான் மின்மினிகளும் புக்கிட் மெலாவத்திப் பீரங்கிகளும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரைச் சுற்றி ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என விரிந்து, கிழக்கே உலு சிலாங்கூர் மலையடிவாரம் வரை பரவியிருந்த தோட்டங்களுக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே தொடங்கிய செம்பனைத் தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்பது, அம்மண்ணைத் திருத்தியவர்கள் யாவர் என்பதற்கு அழியாத சான்றாகும்.

அம்மக்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது. 1941 முதல் 1946 வரையிலான ஐந்தாண்டுகளில் கால் புண்பட்டும், எலும்பு முறிந்தும், தசை நலிந்தும் வீழ்ந்தவர்களை யார் எடுத்து நிறுத்தினார்கள் என்பதே நம் வினா. அக்காலத்தில் ஒரே காட்டில், ஒரே வகைப் புண்ணோடு பலவகை மனிதர் படுத்திருந்தனர். அவர்களுள் சிலருக்கு மருத்துவர் இருந்தார், பதிவேடு இருந்தது, பின்னர் ஈட்டுத்தொகையும் வந்தது. சிலருக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வது, அன்றைய நிகழ்ச்சிகளை விளக்குவதோடு இன்றைய நம் கடமையையும் காட்டும்.

படைவீரர் மருத்துவம் என்னும் சங்கிலி

உடைந்த எலும்பு ஒருவர் கையால் மட்டும் கூடுவதில்லை. காயம்பட்ட இடத்தில் குருதியை நிறுத்துபவர், தூக்கிச் செல்பவர், அறுவை மருத்துவர், புண்ணைக் கழுவிக் கட்டும் செவிலியர், நலிந்த தசைக்குப் பயிற்சி தருபவர், செயற்கைக் கால் செய்யும் தச்சர், மீண்டும் பொருத்தமான வேலையில் அமர்த்துபவர் என ஒரு சங்கிலி அதற்குத் தேவை. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் முன்னர்ச் செய்த பணி வீணாகும்.

இச்சங்கிலியை முறையாகக் கோத்தது முதல் உலகப் போர். பிரிட்டனில் சர் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் எலும்பியல் அறுவை மருத்துவர், கைகால் காயம்பட்ட வீரர்களுக்கெனத் தனி மருத்துவமனைகளை அமைத்தார். அவற்றோடு தொழிற்கூடங்களை இணைத்து, குணமடைந்து வரும் வீரர் தச்சும் தையலும் பழகியே கைகால்களின் வலிமையை மீட்க வழிசெய்தார். தொடை எலும்பு முறிந்த வீரர்களுள் பெரும்பாலோர் போரின் தொடக்கத்தில் இறந்தனர். தாமஸ் தப்பையைப் போர்முனையிலேயே கட்டும் வழக்கம் பரவிய பின் அவ்விறப்பு பெரிதும் குறைந்தது. கருவி எளியது, அதை உரிய இடத்தில், உரிய நேரத்தில், பயிற்சி பெற்ற கைகளில் சேர்த்த ஒழுங்கே உயிர்களைக் காத்தது.

மொழிக்கும் அவ்வொழுங்கில் இடமிருந்தது. 1914ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரண்மனை, காயம்பட்ட இந்திய வீரர்களுக்கு மருத்துவமனையாக்கப்பட்டது. அங்கே சமய, சாதி வழக்கங்களுக்கேற்ப ஒன்பது சமையற்கூடங்கள் இயங்கின. அறிவிப்புகள் உருது, இந்தி, குருமுகி ஆகிய எழுத்துகளில் வைக்கப்பட்டன. நோயாளிக்குப் புரியும் எழுத்தில் பேசுவதும் மருத்துவத்தின் பகுதி என்பதை அக்காலப் படைத்துறையே உணர்ந்திருந்தது. இந்தியாவில் 1944ஆம் ஆண்டு புனேயில் செயற்கை உறுப்பு மையம் தோன்றியதும் இதே ஒழுங்கின் தொடர்ச்சியாகும். இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: வீரனுக்கு ஓர் எண்ணும், ஒரு பதிவேடும், அவனுக்குப் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பும் இருந்தன.

தோட்டத்து ஆஸ்பத்திரி

தோட்டத் தொழிலாளிக்கு இருந்தது தோட்டத்து ஆஸ்பத்திரி. குடியேற்றக் காலத் தொழிலாளர் சட்டங்கள், தோட்ட நிர்வாகங்கள் தம் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டும் எனக் கட்டளையிட்டன. பெரிய தோட்டங்கள் தனி ஆஸ்பத்திரி வைத்திருந்தன. சிறியவை பல சேர்ந்து ஒன்றைப் பகிர்ந்துகொண்டன. நாள்தோறும் அதை நடத்தியவர் டிரெஸ்ஸர். மருத்துவர் குறித்த நாள்களில் வந்து பார்த்துச் செல்வார்.

அங்கு முதன்மைப் பகை மலேரியா. சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் மேற்கொண்ட கொசு ஒழிப்புப் பணி உலகப் புகழ் பெற்றது. ஆயினும் சுளுக்கு, முறிவு, வெட்டுக்காயம், ஆறாப் புண் ஆகியன தோட்ட வாழ்வின் அன்றாடத் துணைகள். அவற்றுக்கு டிரெஸ்ஸர் ஒரு பக்கம் மருந்திட்டால், மறுபக்கம் லயத்தில் சுளுக்கெடுக்கும் பாட்டியும், மூங்கில் தப்பை வைத்துக் கட்டுப்போடும் முறிவு வைத்தியரும் இருந்தனர். நல்லெண்ணெய் காய்ச்சி உருவி விடுவதும், முட்டை வெள்ளையில் பற்றுப் போடுவதும் மக்கள் அறிந்த மருத்துவம். குறைகள் பல இருந்தபோதிலும் தோட்டத்துக்குள் ஒரு சிறு சங்கிலி இயங்கியது. செக்ரோலில் பெயர் இருந்தவரை தொழிலாளியைத் தேட ஓர் ஆள் இருந்தார்.

சங்கிலி அறுந்த காலம்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தை ஆட்சியாளர் படைகொண்டு ஒடுக்கினர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அந்த வடு ஆறுமுன் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1942 சனவரி முதல் வாரத்தில் ஜப்பானியர் சிறு படகுகளில் பேராக் கரையோரமாக இறங்கி வந்து கோலசிலாங்கூரைத் தாக்கினர். எதிர்த்து நின்றோருள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் இந்திய வீரரும் இருந்தனர். சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது.

ஐரோப்பிய நிர்வாகிகள் வெளியேறினர். உலகச் சந்தையிலிருந்து துண்டிக்கப்பட்டதால் ரப்பருக்கு மதிப்பில்லாமற் போயிற்று; தோட்டங்களில் வேலை குறைந்தது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. மருந்து வரத்து நின்றது. ஊட்டமிழந்த உடலில் சிறு கீறலும் ஆறாது என்பது மருத்துவ உண்மை. எனவே 1943இல் சயாமுக்கு ஆள் சேர்த்தபோது, பலர் நலிந்த உடலோடுதான் இரயில் ஏறினர்.

நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, இலவச உணவு, மூன்று மாத வேலை என்பன தொடக்க கால வாக்குறுதிகள். அவற்றை நம்பிச் சிலர் போயினர். பின்னர்த் தோட்டத்துக்கு இத்தனை பேர் எனக் கணக்கு விதிக்கப்பட்டது. கிராணியும் கங்காணியும் பட்டியலெழுத நேர்ந்தது. இலவசப் படக்காட்சிக்கு வந்தவர்களையே வளைத்துப் பிடித்து ஏற்றிச் சென்றதாகத் தப்பிப் பிழைத்தோர் கூறியுள்ளனர். கோலசிலாங்கூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. இவ்வாறு மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் மேற்பட்டோர் என்பது போருக்குப் பிந்தைய மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

ஒரே புண், இரு விதி

தாய்லாந்தின் பான் போங் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகையை ஆய்வாளர் இரண்டு லட்சம் அளவில் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் இறந்தோர் பற்றிய மதிப்பீடுகள் ஒரு லட்சத்தை நெருங்குகின்றன. கைதிகளின் இறப்பைப் பெயரோடு சொல்ல முடிகிறது. தொழிலாளர் இறப்பை மதிப்பீடாக மட்டுமே சொல்ல முடிகிறது. இவ்வொன்றே அவ்விரு சாராரின் நிலையையும் உணர்த்தப் போதுமானது.

அக்காட்டில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் அடுத்தபடி மனிதரை முடக்கியது குழிப்புண். மூங்கில் சிராய்ப்பில் தொடங்கும் சிறு காயம் சில நாள்களில் முழங்காலுக்குக் கீழே சதையை அரித்து எலும்பைக் காட்டும். போர்க்கைதி மருத்துவர்கள் இதை எதிர்த்த முறை வியப்புக்குரியது. கூர்தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டியெடுத்தனர், உப்புநீரால் கழுவினர், காப்பாற்ற இயலாத காலை வெட்டி உயிரைக் காத்தனர். பர்மாப் பகுதியில் 55ஆம் கிலோமீட்டர் முகாமில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை வெட்டி எடுத்தார். டச்சு மருந்தியலாளர் ஒருவர் தயாரித்துத் தந்த கொக்கெயின் கரைசலே அங்கு மரத்துப்போகச் செய்யும் மருந்து. சுங்காய் முகாமில் கனடிய மருத்துவர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் அதே பணியைச் செய்தார்.

அறுவைக்குப் பிந்தைய பணியும் அங்கு மறக்கப்படவில்லை. அதிகாரிகள் தம் படிப்பணத்தைத் திரட்டி நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினர். காஞ்சனபுரி வணிகர் பூன்பொங், உயிருக்கு அஞ்சாமல் மருந்துகளைக் கடத்திக் கொடுத்தார். நோயாளிகள் ஆற்றுப்படகுகளில் அடிவார மருத்துவ முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1944இல் நாக்கோன் பாதோமில் பெரிய மருத்துவ முகாம் அமைந்தது. மரத்தாலும் மூங்கிலாலும் செயற்கைக் கால்கள் செய்யப்பட்டன. நோய்ப் பதிவுகள் மறைவாக எழுதிக் காக்கப்பட்டன. மருந்தில்லா இடத்தில் ஒழுங்கே மருந்தாயிற்று எனலாம்.

தொழிலாளர் முகாம்களில் இவற்றுள் எதுவும் இல்லை. அங்கே சொந்த மருத்துவர் இல்லை. கட்டளையிட்டுக் கழிப்பிடம் தோண்டச் செய்யும் அதிகாரி இல்லை. நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவோர் இல்லை. குடும்பமாக வந்தோரும் இருந்தனர், குழந்தைகளும் இருந்தனர். காலரா பரவியபோது முகாம்கள் காலியாயின. 1943 நடுப்பகுதியில், ஜப்பானியர் சிங்கப்பூர்க் கைதிகளிலிருந்து கே படை, எல் படை என இரு மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர்க்காக அனுப்பினர். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 350 பேர். பல்லாயிரம் நோயாளிகளுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவர்களும் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மருந்தின்றித் தொலைவிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

மொழி அங்கு உயிர்ப்பொருளாயிற்று. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, என்ன உண்டாய் என்னும் எளிய கேள்விகளைத் தமிழில் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். மலாயாவில் தோட்ட நிர்வாகிகளாக இருந்த ஐரோப்பியர் பலர் வேலையின் தேவை கருதித் தமிழ் பயின்றிருந்தனர். அவர்களுட் பலர் தொண்டர் படைகளில் சேர்ந்து கைதியாகி அதே பாதையில் இருந்தனர். கட்டளையிடுவதற்குக் கற்ற தமிழ், நோய் கேட்பதற்கும் பயன்படக்கூடியதாக இருந்தது. ஆயினும் அத்தகையோரைத் திட்டமிட்டுத் தொழிலாளர் முகாம்களில் அமர்த்தும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர்

1943 சூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் இயக்கத் தலைமையை ஏற்றார். தோட்டத் தமிழ் இளைஞர் பெருந்தொகையாகப் படையிற் சேர்ந்தனர். சயாமுக்குச் செல்வதினும் இது மேலென எண்ணியோர் உண்டு. விடுதலை வேட்கையால் சேர்ந்தோர் மிகப் பலர். ஜான்சிராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்தனர்.

இப்படையின் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கியோருள் ஏ. டி. லோகநாதன் ஒருவர். ஜான்சிராணிப் படையின் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பர்மாவின் மேமியோவில் அவரும் அவர் படையினரும் காயம்பட்ட வீரர்களைப் பேணினர். போரிடப் பயிற்சி பெற்ற பெண்கள், கட்டுப்போடவும் புண் கழுவவும் நேர்ந்தபோது அதையும் போர்ப்பணியாகவே ஏற்றனர்.

1944ஆம் ஆண்டு இம்பால் முனைக்குச் சென்ற சுமார் 6,000 வீரர்களுள் 2,600 பேரே பின்வாங்கித் திரும்பினர் என்றும், அவர்களுள் 2,000 பேரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் நின்ற நேரு படையணியில் மலாயாத் தமிழர் பலர் இருந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 24இல் நேதாஜி இரங்கூனை விட்டு ஜான்சிராணிப் படையினருடன் புறப்பட்டார். வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்த அப்பயணத்தில் கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி தேவரும் இருந்தார்.

இவர்களுக்குச் சீருடையும் பதிவேடும் மருத்துவரும் இருந்தனர். ஆனால் போர் முடிந்ததும் அவர்களின் அரசே இல்லாமற் போயிற்று. மலாயாவில் சேர்ந்த குடிமக்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சங்கிலி இருந்தது, அதைப் பிடித்திருந்த கை மறைந்தது.

திரும்பியோரும் மருத்துவக் குழுவும்

1945, 1946ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பிழைத்தோர் தோட்டம் திரும்பினர். ஆறாப் புண்ணோடும், விறைத்த மூட்டோடும், ஒரு காலின்றியும் வந்தோர் இருந்தனர். கணவனை இழந்த பெண்களும் பெற்றோரை இழந்த குழந்தைகளும் லயங்களில் காத்திருந்தனர். ஏணி ஏறி உயரப் பட்டை சீவவும், வாளி சுமந்து மேடு பள்ளம் நடக்கவும் இயலாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? மீட்சி மருத்துவத்தின் கடைசிக் கண்ணியான இக்கேள்வியைப் பெரும்பாலும் குடும்பங்களே தனித்துச் சுமந்தன.

இவ்விருளில் தெரிந்த ஒரு விளக்கு, 1946இல் இந்திய தேசிய காங்கிரஸ் மலாயாவுக்கு அனுப்பிய மருத்துவக் குழு. அவ்வாண்டு மார்ச்சில் சவகர்லால் நேருவும் மலாயா வந்து மக்களின் நிலையை நேரிற் கண்டார். அம்மருத்துவப் பணியில் இணைந்தவர்களுள் முன்னர்க் கண்ட ஜானகி தேவரும் ஒருவர். படையில் பெற்ற ஒழுங்கையும் பயிற்சியையும் அவர் மக்களின் நலப்பணிக்குத் திருப்பினார். அதே ஆண்டு தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கக் காலத் தொண்டர்களுள் அவரும் இடம்பெற்றார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்ட அவருக்கு 2000ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

யார் கணக்கில் யார்?

1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து துன்புற்றோர்க்கு அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு வழியாக ஈட்டுத்தொகை வழங்க வழிசெய்தது. அப்பிரிவின் சொற்களை ஊன்றி நோக்க வேண்டும். அது நேசநாடுகளின் ஆயுதப்படை உறுப்பினர்களை மட்டும் குறிக்கிறது. அதே பாதையில், அதே புண்ணால் காலிழந்த தோட்டத் தொழிலாளி ஆயுதப்படை உறுப்பினர் அல்லர். ஆகவே அவர் அதற்குள் வரவில்லை. 1967 செப்டம்பர் 21இல் கையெழுத்தான மலேசிய, ஜப்பானிய ஒப்பந்தப்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புள்ள பொருளும் பணியும் அரசுக்கு வந்தன. இரு கப்பல்கள் பெறப்பட்டன. தனி மனிதரின் புண்ணுக்கு அதில் பங்கில்லை.

தொழிலாளியின் உடலுக்கு முறையான பொறுப்பு இந்நாட்டில் மெல்ல மெல்லவே உருவானது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றித் தொழிலாளர் குரலை ஒன்றுசேர்த்தது. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோ, வேலையிடக் காயங்களுக்குச் சிகிச்சையும் இழப்பீடும் தருகிறது. 2014இல் மலாக்காவில் அது தொடங்கிய மறுவாழ்வு மையத்தில் இயன்முறை மருத்துவமும், செயற்கை உறுப்புப் பணியும், வேலைக்குத் திரும்பும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. ராபர்ட் ஜோன்ஸ் வீரர்களுக்காகக் கோத்த சங்கிலி, ஏறத்தாழ நூறாண்டு கழித்து இந்நாட்டுத் தொழிலாளியின் கைக்கு எட்டியது. பதிவு செய்யப்பட்டவர்க்கே அது எட்டும் என்பதையும் மறக்கலாகாது. இன்று நம் தோட்டங்களில் உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளருள் பதிவின்றி இருப்போர்க்கும் அன்றைய சயாம் தொழிலாளிக்கும் உள்ள ஒப்புமையை மாணவர் சிந்திக்க வேண்டும்.

பள்ளிகளின் பணி

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் சுமார் 7,000 கைதிகள் துயில்கின்றனர். மிகப் பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தொழிலாளரின் எலும்புகள் காட்டிலும் கூட்டுக் குழிகளிலும் கிடக்கின்றன. அவ்வூரின் வாட் தாவோர்ன் வராராம் விகாரையில் அவர்களுக்கென ஒரு நினைவிடம் உண்டு. 2023இல் மலேசியத் தமிழரின் முயற்சியால் அங்கு ஒரு நடுகல்லும் எழுந்தது. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல்நட்டுப் பெயர் பொறிப்பது தமிழரின் தொன்மையான மரபு. ஆயுதம் ஏந்தாமல் மாண்டவர்க்கும் அம்மரபு இன்று நீண்டிருக்கிறது. நம் இலக்கியமும் தன் கடமையைச் செய்துள்ளது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அதற்குச் சான்று.

எஞ்சியிருப்பது பள்ளிகளின் பணி. கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டம் கலைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பள்ளி மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: நம் குடும்பத்திலிருந்து சயாமுக்கோ பர்மாவுக்கோ போனவர் யார்? திரும்பி வந்தவர் எத்தகைய காயத்தோடு வந்தார்? அவரைப் பேணியவர் யார்? விடைகளைப் பெயர், தோட்டம், ஆண்டு என ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். முதியோர் சொல்லும் சொற்களையும் அவர் சொன்னவாறே எழுத வேண்டும். டிரெஸ்ஸர், லயம், தப்பை, பற்று, உருவி விடுதல் முதலிய சொற்கள் ஒரு சமுதாயம் தன் உடலை எவ்வாறு காத்தது என்பதன் ஆவணங்கள்.

அன்றைய தொழிலாளி மடிந்ததற்குப் புண் ஒரு காரணம். அவனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள எவரும் இல்லாமை மற்றொரு காரணம். முன்னதை நாம் இனி மாற்ற இயலாது. பின்னதை மாற்றும் பொறுப்பு ஆசிரியரிடமும் மாணவரிடமும் இருக்கிறது. அதற்குத் தேவையானவை ஒரு குறிப்பேடும், பொறுமையாகக் கேட்கும் செவியும், பிழையின்றி எழுதும் தமிழும் ஆகும்.